குடங்களுக்கு நடுவே ஒரு நாவல்

ஆசிரியருக்கு வணக்கம். இந்த மே மாதம் ஊருக்கும் போகவில்லை, பகலில் வெளியே தலைகாட்டவும் முடியவில்லை, சரி என்று பரணில் கிடந்த புத்தகங்களை இறக்கினேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் கத்திரி வெயிலில்தான் படிக்க வேண்டும், அதுவும் வாசலில் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டியிருக்கும்போது படித்தால் ஜமுனா குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற இடங்களில் நமக்கே தோள் வலிக்கிறது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதைப் பார்த்தவர்களுக்கு இது பழைய கதையே இல்லை. இத்தனைக்கும் மனிதர் ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை, எனக்குத்தான் கோபம் வந்தது.

அப்புறம் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே வந்து கரிசலில் காடு திருத்திக் குடியேறிய கதையை மங்கத்தாயாரு அம்மாள் சொல்லச் சொல்ல, மின்வெட்டுகூட உறைக்கவில்லை. இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது, ஆனால் என் ஓட்டு முதல் நாவலுக்குத்தான்.

தொடர்ச்சியைத் தேடி எங்கள் கிளை நூலகத்துக்கு மூன்று முறை நடந்தும் கிடைக்கவில்லை, கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் கொடுத்தார். பள்ளி திறப்பதற்குள் திருப்பிக் கேட்டிருக்கிறார், இன்னும் அறுபது பக்கம் பாக்கி.

– ஒரு வாசகி, சென்னை