வெற்றிக் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

ஐஸ் ஹாக்கியின் தலைசிறந்த கோல்கீப்பர் யார் என்ற உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை, 691 வெற்றிகளைக் காட்டி மார்ட்டின் புரோடூருக்கு முதலிடம் தந்திருந்தது. அவர் பெரிய ஆட்டக்காரர், சரி. ஆனால் வெற்றி அணி முழுவதும் சேர்ந்து பெறுவது. கோல்கீப்பர் கையில் இருப்பது தன்னை நோக்கி வரும் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைத் தடுப்பது மட்டும்தான். அதில் செக் நாட்டு கோல்கீப்பர் டொமினிக் ஹாசெக்கை மிஞ்ச ஆளில்லை என்பேன். தனக்கு வந்த ஷாட்டுகளில் 92.2 சதவீதத்தைத் தடுத்தவர் அவர். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பை 6 முறை. அணிக்கு மிகவும் பயன்பட்ட ஆட்டக்காரருக்கான, கோல்கீப்பர்களுக்கு அரிதாகவே கிடைக்கும் ஹார்ட் கோப்பை 1997, 1998 என அடுத்தடுத்து 2 முறை. ஜப்பானின் நாகானோவில் நடந்த 1998 குளிர்கால ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் 5 பெனால்டி ஷாட்டுகளையும் தடுத்தாரே, அப்பப்பா!

நானும் கல்லூரி நாட்களில் ஹாக்கியில் கோல்கீப்பராக நின்றவன். 3 கோல் விட்டும் அணி ஜெயித்த நாளில் கைகுலுக்கினார்கள்; அடுக்கடுக்காகத் தடுத்தும் 0-1 என்று தோற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த முறை இப்படித் தரவரிசை வெளியிடும்போது, ஒவ்வொருவருக்கும் வந்த ஷாட்டுகள் எத்தனை, தடுத்தவை எத்தனை என்பதையும் பக்கத்திலேயே தாருங்கள்.