உலருணவுப் பொதியோடு வருகிறவர்களுக்கு

மண்சரிவுக்குப் பின் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நிவாரணம் கொண்டுவரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தந்த அரிசியிலும் பருப்பிலும்தான் பல லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுப்பெரிந்தது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் பொதி வாங்குகிறவர்களைத் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள்.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். புருசனுக்குக் கருமாதிகூட முடியாத ஒரு தாயைப் பதாகைக்கு முன்னால் நிறுத்தினீர்கள். படம் சரியாக விழவில்லையென்று கொடுத்த பொதியைத் திருப்பி வாங்கி மறுபடி கொடுத்தீர்கள். "கொஞ்சம் இங்க பாருங்கம்மா" என்றார் ஒருவர். அன்றிரவே முகநூலில் அந்த முகம். அவருடைய மகள் என் வகுப்பில் சாதாரண தரம் படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகளின் போன்களிலும் அந்தப் படம் வந்துவிட்டது. அவள் இன்னும் பாடசாலைக்கு வரவில்லை.

ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, "படம் போட்டாத்தான் சேர் அடுத்த லொறிக்குக் காசு வரும். சும்மா யாரும் உதவி செய்றதில்ல" என்றார் உங்களில் ஒருவர்.

காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். லொறியைக் காட்டுங்கள், மூட்டையைக் காட்டுங்கள், பில்லைக் காட்டுங்கள். ஆனால் சும்மா யாரும் செய்வதில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். கொடுப்பவருக்குக் கிடைக்கும் மனநிறைவும் ஒரு வரவுதான் என்று 1990இல் பொருளியலாளர் ஜேம்ஸ் அன்ட்ரியோனி எழுதினார். இருக்கட்டும். உதவிய பிறகு மனம் நிறைகிறது என்பதால், அதற்காகவே உதவினார் என்று ஆகிவிடுமா? 1981இல் உளவியலாளர் டானியல் பாட்சன் குழு நடத்திய சோதனையில், மின்னதிர்ச்சியில் துடிப்பதாகக் காட்டப்பட்ட பெண்ணுக்காக மனமிரங்கியவர்களில் பெரும்பாலோர், எழுந்து போய்விடலாம் என்றிருந்தும், அவளுடைய இடத்தில் தாங்கள் உட்கார முன்வந்தார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மண் இறங்கிய இரவில் மேல் லயத்து ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். அவர்கள் வீட்டுச் சுவரும் வெடித்துத்தான் இருந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. யார் பார்க்கத் தோண்டினார்கள்?

2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்தபோதே பாதுகாப்பான இடத்தில் காணி கேட்டோம். அது எல்லோருக்கும் கிடைத்திருந்தால் இன்று இப்படி அரிசிக்கு வரிசையில் நின்றிருக்க மாட்டோம். இது அரசாங்கமும் கம்பனிகளும் பதில் சொல்லவேண்டிய விசயம், உங்கள் குற்றமல்ல.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: முகங்களைப் படம் எடுக்காதீர்கள். பெயர்ப்பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், போதும். அந்தத் தாயின் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், படம் இப்போது இல்லை, பாடசாலைக்கு வா என்று நான் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்