சிறுகிழங்கு நடவுக்கு முன்பே வீரியமுள்ள உயிர் உரங்களை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறுகிழங்கு விவசாயிகள்,
அம்பாசமுத்திரம் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருநெல்வேலி.

பொருள்: அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் ஆகிய பாக்டீரியா உயிர் உரங்களை ஆடிப் பட்டத்துக்கு முன் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி, ஆவணியில் கொடி நட்டு, மார்கழி, தையில் தோண்டி எடுக்கும் சிறுகிழங்கு, பொங்கல் சந்தையை நம்பி நாங்கள் செய்யும் சாகுபடியாகும். இந்தப் பயிருக்கு, மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழு பெரும் கேடாக இருக்கிறது. தாக்கிய கொடியைப் பிடுங்கினால் வேர் முழுவதும் மணி கோத்ததுபோல் முடிச்சு தெரியும். கிழங்கும் மேடு பள்ளமாகப் புடைத்துவிடும். சாக்கில் போட்டு அடித்தாலும் அதன் தோல் சரியாக உரியாது என்பதால் வாங்குவோர் தொடமாட்டார்கள், வியாபாரியும் எடை போடும்போதே கழித்து ஒதுக்கிவிடுகிறார்.

இந்நிலையில் மண்ணிலுள்ள நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் எங்களுக்குப் பெரும் துணையாகும். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) நிலைநிறுத்துவதுடன், வேரைத் தூண்டும் வளர்ச்சி ஊக்கியையும் சுரப்பதால் பக்க வேர்கள் அதிகரிக்கின்றன. நாங்கள் இடும் சூப்பர் பாஸ்பேட் உரத்தின் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதி செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்க, பாஸ்போபாக்டீரியா அங்கக அமிலங்களைச் சுரந்து அதில் ஒரு பங்கைக் கரைத்து வேருக்குக் கொடுக்கிறது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் வேரைச் சுற்றிக் குடியேறி, அழுகல் நோய்ப் பூஞ்சைகளை அடக்குவதோடு நூற்புழுவின் தாக்குதலையும் ஓரளவு குறைக்கிறது. விளைச்சலே மண்ணுக்கடியில் இருக்கும் பயிருக்கு வேர்ப்பகுதியின் நலத்தைவிட முக்கியமானது வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் இவை உயிருள்ளவை என்பதை மறந்தே விநியோகம் நடக்கிறது. எங்கள் பகுதி விற்பனை மையம் ஒன்றில், கொடி நட்டு முதல் களை எடுத்த பிறகுதான் பாக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. அவையும் தகரக் கூரையின் கீழ், யூரியா மூட்டைகளை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் காலாவதி நாள் கடந்திருந்தது. உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இன்படி தூள் வடிவ அசோஸ்பைரில்லத்தில் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களாவது இருக்க வேண்டும். வெயிலிலும் வெக்கையிலும் கிடந்த பாக்கெட்டில் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். அதை வாங்கி இட்டுப் பலன் காணாத விவசாயி, உயிர் உரமே வீண் என்று முடிவு கட்டி, மறுபடியும் ரசாயனக் குருணை மருந்துக்கே போகிறார். அவர் வயலில் இட்டது செத்த தூள்தான் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே எங்களுக்குப் பெரும் வேதனையாக உள்ளது.

ஆகவே, கொடி நறுக்குகளை நனைத்து நடவும், தொழுவுரத்தில் கலந்து இடவும் ஏதுவாக, மேற்கண்ட மூன்றையும் ஆனி மாதத்துக்குள் வேளாண் விரிவாக்க மையங்களில் இருப்பு வைக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். தூளைவிட நீண்ட நாள் வீரியம் காக்கும் திரவ உயிர் உரத்துக்கு முன்னுரிமை அளித்து, ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத, நிழலும் குளிர்ச்சியும் உள்ள தனி அறையில் அதைச் சேமிக்க வேண்டும். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, உயிரணு எண்ணிக்கை பரிசோதிக்கப்பட வேண்டும். கிள்ளிகுளம் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் எங்கள் வயல்களிலேயே, பாக்டீரியா இட்ட பாத்தியும் இடாத பாத்தியும் அருகருகே அமைத்து ஒரு செயல்விளக்கத் திடல் நடத்தினால், நூறு துண்டறிக்கைகள் செய்யாததை அது செய்யும். அதற்கு வேண்டிய நிலத்தையும் உழைப்பையும் தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

வரும் நடவுப் பருவத்துக்கு முன்பாகவே தோட்டக்கலைத் துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் உரிய ஆணை பிறப்பித்து, எடுக்கப்பட்ட நடவடிக்கையை விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறுகிழங்கு விவசாயிகள்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.