கள்ளிக்குடிக்கு வரப்போகும் லேத்: மகளுக்கு ஒரு கடிதம்

மதுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். கள்ளிக்குடிப் பட்டறைக்கு என்று நீ அனுப்பிய, இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத்துகள் இரண்டின் படங்களையும், விற்பவர்கள் எழுதியிருந்த விவரங்களையும் நிதானமாகப் பார்த்தேன். ஒன்று, பச்சை பெயின்ட் பளபளக்கும் ஆறடி லேத். மற்றொன்று, கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையின் மூலையில் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடக்கும் பழைய மைசூர் கிர்லோஸ்கர் லேத். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். படத்தைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் நேரில் போய்ப் பார்ப்பது என்றால், துருப்பிடித்ததைப் பார் என்றே சொல்வேன். மேல் துருவை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு எடுத்துவிடலாம். புதுப் பெயின்டுக்கும் அதன் அடியில் பூசிய பட்டிக்கும் கீழே ஒரு விரிசலோ, வெல்டிங் வைத்த ஒட்டோ இருந்தால் அதைக் கண்ணால் காண வழியில்லை.

பெயரையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. 1941இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரும், 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியும் நல்ல வார்ப்பில் நல்ல லேத்துகளைச் செய்தன என்பது உண்மை. ஆனால் பல பத்தாண்டுகள் ஓடிய இயந்திரத்தின் இன்றைய நிலையைத் தீர்மானிப்பது, அதைச் செய்தவர்களைவிட அதை ஓட்டியவர்களே. ஆகவே யாரிடம் ஓடியது என்று முதலில் விசாரி. ஒரே பாகத்தை ஆண்டுக்கணக்கில் கடைந்த தொழிற்சாலை லேத்தில், பெட்டின், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நீள வார்ப்பின், ஒரே இடம் தேய்ந்திருக்கும். தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து ஏலத்தில் வருவதில் பெட் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மாணவர் கை பட்டு கியர் பற்களும் நட்டுகளும் அடிபட்டிருக்கும். பக்கத்திலேயே கிரைண்டிங் ஓடிய பழுதுபார்க்கும் பட்டறையின் லேத்தைப் பற்றித்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எமரித்தூள் எண்ணெயோடு கலந்து, வெட்டும் டூலைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் சேடிலுக்கு அடியில் போனால், ஒவ்வொரு நகர்விலும் பெட்டை அது தேய்த்துக்கொண்டே இருக்கும்.

பழைய லேத்தின் குறைகளை, உன் கையால் சரிசெய்யக் கூடியவை, சரிசெய்தால் லேத்தின் விலையைத் தாண்டுபவை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். பெட், கடையும் பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டில், அதைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் வார்ப்பு ஆகிய மூன்றும் இரண்டாவது வகை. தேய்ந்த பெட்டுக்கு கிரைண்டிங் போடலாம். ஆனால் போட்டபின் சேடில் கீழே இறங்கிவிடும், மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் லீட் ஸ்குரூவின் நேர் தப்பும், சேடிலின் அடியில் மீண்டும் உயரம் கட்டவேண்டி வரும். அந்தச் செலவுக்கு வேறொரு நல்ல லேத்தையே வாங்கிவிடலாம். எனவே உன் நேரத்தில் பெரும்பகுதியை பெட்டுக்கே கொடு.

வரும் வேலைகளில் பெரும்பாலானவை ஓரடிக்கும் குறைந்த நீளமுள்ளவை என்பதால், பொருளைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கை ஒட்டிய ஓரடி, ஒன்றரை அடிதான் அதிகம் தேயும். பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கக் கடைசி அவ்வளவாகத் தேயாது. சேடிலை சக்குக்கு அருகே கொண்டுவந்து, அதன் பூட்டு போல்ட்டைக் கை சக்கரம் சற்றுக் கனமாகச் சுற்றும் அளவுக்கு இறுக்கிக்கொண்டு, மெதுவாக டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டிப் பார். போகப்போக இறுகி நின்றுவிட்டால் சக்குப் பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பள்ளம் என்று அறிய, நுண்ணிய அசைவையும் அளந்து காட்டும் டயல் கேஜின் காந்த அடியைச் சேடிலில் வைத்து, முள்ளை டெயில்ஸ்டாக் ஓடும் உள்தடத்தின் மேல் தொடவிட்டு, சேடிலை முழு நீளத்துக்கும் நகர்த்து. அந்த உள்தடத்தில் சேடில் ஓடுவதில்லை என்பதால் அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது.

டயல் காட்டும் எண்ணைக் கண்டு உடனே பயப்படவும் வேண்டாம். நீ கணக்குத் தெரிந்தவள், போட்டுப் பார். 40 மி.மீ. ஷாஃப்டைக் கடையும்போது டூல் நேர் கீழாக 0.1 மி.மீ. இறங்கினால் விட்டத்தில் வரும் மாற்றம் அரை மைக்ரான், அதாவது 0.0005 மி.மீ.தான். அதே 0.1 மி.மீ. பக்கவாட்டில், அதாவது உன் பக்கமாக, டூல் விலகினால் விட்டம் 0.2 மி.மீ. கூடிவிடும். சேடில் ஓடும் முன்பக்கத்து வி-வடிவத் தடம் தேயும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பதால், கடைசித் தீர்ப்பைக் கடைந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 40 மி.மீ. தடியுள்ள ஒரு தண்டையும், நன்றாகத் தீட்டிய எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூல் ஒன்றையும், மைக்ரோமீட்டரையும் நீயே எடுத்துக்கொண்டு போ. டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், சக்கிலிருந்து 200 மி.மீ. வெளியே நீட்டி, மிகக் குறைந்த வெட்டில் கடைந்து, சக்குப் பக்கம், நடு, நுனி என மூன்று இடங்களில் அளந்து பார். விட்டம் ஒரே சீராகக் கூடியோ குறைந்தோ போனால், அது பெரும்பாலும் லேத் மட்டமாக உட்காராததால் வரும் முறுக்கு. அதை நம் இடத்தில் எடுத்துவிடலாம். நடுவில் மட்டும் அளவு பிசகினால் அது பெட்டின் தேய்மானம். அதை எந்த போல்ட்டும் சரிசெய்யாது.

அடுத்தது ஸ்பிண்டில். டயல் முள்ளை ஸ்பிண்டிலின் மூக்கில் தொடவிட்டு, சக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பார். முள் 0.02, 0.03 மி.மீ. அளவில் நகர்ந்தால் பியரிங்கின் நட்டைச் சற்று இறுக்கிச் சரிசெய்ய இடமுண்டு. அதற்கு மேல் போனால் பியரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேள். பிறகு ஹெட்ஸ்டாக் மூடியைத் திறந்து எண்ணெயை விரலில் தொட்டுப் பார். மினுமினுவென்று இரும்புத்தூள் தெரிந்தால் உள்ளே கியர் தேய்கிறது. எல்லா வேகத்திலும் ஓட்டச் சொல். ஏதாவது ஒரு வேகத்தில் சுற்றுக்கு ஒருமுறை டக், டக் என்று அடித்தால் அங்கே ஒரு பல் போயிருக்கிறது. அரைமணி நேரம் ஓடியபின் பியரிங் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து வைத்தபடி இருக்க முடிய வேண்டும்.

மற்ற குறைகள் சிறியவை. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றுகிறது, சக்கின் தாடைகள் வாய் அகன்றுவிட்டன, மோட்டார் எரிந்திருக்கிறது என்பனவற்றையெல்லாம் விலை பேசப் பயன்படுத்திக்கொள். கிராஸ் ஸ்லைடின் தேய்ந்த பித்தளை நட்டை அந்த லேத்திலேயே நீயே கடைந்து போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெட்டும் மரையின் அளவை மாற்ற உதவும் சேஞ்ச் கியர்கள் முழுவதும் இருக்கின்றனவா என்பதைக் கட்டாயம் எண்ணிப் பார். பின்னால் ஒவ்வொன்றாகத் தேடி வாங்குவது பெரும்பாடு. லீட் ஸ்குரூ இன்ச் கணக்கா, மில்லிமீட்டர் கணக்கா என்றும் கேள். இன்ச் என்றால், ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்பதால், மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும். அது அந்தப் பெட்டியில் கிடந்தால் தனியாக எடுத்து வைத்துக்கொள். நாலு தாடை சக்கும், நீளத் தண்டை நடுவில் தாங்கும் ஸ்டெடியும் சேர்ந்து வருமா என்பதையும் விலை முடிவதற்கு முன்பே பேசிவிடு.

நமக்கு வரப்போகிற வேலை என்ன என்பதையும் மனத்தில் வை. திருமங்கலம், கள்ளிக்குடி சுற்றுவட்டாரத்தில் பம்ப் ஷாஃப்ட், டிராக்டர் பின், புஷ், ஜேசிபி வாளியின் பின், செக்கு உருளையின் தண்டு ஆகியவைதான் கதவைத் தட்டும். இவற்றுக்கு ஆறடி பெட் போதும். அதற்கும் நீளமானது இடத்தையும் பணத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்பிண்டிலின் துளை எவ்வளவு பெரிது என்பதை மட்டும் பார்த்துக்கொள், ஏனெனில் நீளத் தண்டுகளை அதன் வழியே விட்டுப் பிடிக்கும் வேலை நிறைய வரும்.

ஏற்றி இறக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேத்தின் கனமெல்லாம் ஹெட்ஸ்டாக் பக்கமே இருப்பதால், தூக்குவதற்கு முன் சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட வேண்டும். தூக்கும் பெல்ட்டை பெட்டின் வார்ப்பில் மட்டும் கொடுக்கச் சொல். லீட் ஸ்குரூவில் பட்டால் வளைந்துவிடும். ஒரு டன் அளவுக்குக் கனமுள்ள பொருள் என்பதால், பழகிய ஆட்களைத் தவிர யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, நீயும்தான்.

இனி எனக்கு மிகவும் கவலையுள்ள விஷயத்துக்கு வருகிறேன். நம் கள்ளிக்குடி நிலம் கரிசல். ஐப்பசி மழையில் அது ஊதி மேலே எழும்பும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த மண்ணின் மேல் நேராகக் காங்கிரீட் போட்டு லேத்தை நிறுத்தினால், மண் அசையும்போது தளமும் அசைந்து, ஒரு கால் மட்டும் உயர்ந்த கயிற்றுக் கட்டிலைப் போல பெட் முறுகிக்கொள்ளும். நல்ல லேத்தைத் தேடி வாங்கிய உழைப்பெல்லாம் அத்தோடு போகும். ஆகவே லேத் வருவதற்கு முன்பே, அது நிற்கப்போகும் இடத்தில் கரிசலைக் கெட்டித் தரை தட்டும்வரை தோண்டி எடுத்துவிட்டு, சரளை மண்ணைச் சிறு சிறு அடுக்காகக் கொட்டி, நனைத்து, திம்சு போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் கம்பி கட்டிய காங்கிரீட் மேடை, ஷெட்டின் சுவரோடு ஒட்டாமல் தனியாக நிற்கட்டும். 28 நாள் ஆகும்வரை அதன் மேல் லேத்தை ஏற்றக் கூடாது. மழைத்தண்ணீர் மேடையின் அருகே தேங்காதபடி வாட்டம் கொடுக்கச் சொல். கிழக்கே நிற்கும் சீமைக்கருவேலங்களையும் வேரோடு எடுத்துவிட வேண்டும். அவை மண்ணின் ஈரத்தை ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கம் மட்டும் மண் சுருங்கும்.

லேத்தை மேடையில் வைத்ததும் போல்ட்டுகளை இறுக்கிவிடாதே. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவலை, கொத்தனார் மட்டத்தை அல்ல, பெட்டின் குறுக்கே சக்குப் பக்கம் ஒருமுறையும் டெயில்ஸ்டாக் பக்கம் ஒருமுறையும் வைத்துப் பார். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பதே முக்கியம். பிறகு முன்பு சொன்னபடி 200 மி.மீ. தண்டைக் கடைந்து அளந்து பார். நுனியில் விட்டம் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கம் நீ நிற்கும் பக்கத்துக் காலை மிகச் சிறிது உயர்த்து. சிறிதாக இருந்தால் தாழ்த்து. 150 மி.மீ. நீளத்தில் 0.01 மி.மீ.க்குள் வந்துவிட்டால் நம் வேலைகளுக்கு அது தாராளம். ஜன்னல் வெயில் பெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விழாதபடியும் பார்த்துக்கொள். ஒரு மீட்டர் வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.01 மி.மீ. நீளும்.

மும்முனை மின்சாரம் வந்ததும், சக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பிண்டில் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று முதலில் பார். தலைகீழாகச் சுற்றினால் இரண்டு பேஸ் வயர்களை மாற்றிப் போட்டால் போதும். மரையில் ஏறும் சக் என்றால், தலைகீழ் ஓட்டத்தில் அது கழன்று பறக்கும். பெட்டுக்கு 68ஆம் நம்பர் எண்ணெய் தினமும் விடு. கிரீஸ் தடவாதே, அது தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீ இதுவரை கணினியில் நிரல் எழுதி, கதவு மூடிய இயந்திரத்துக்கு வெளியே நின்று பழகியவள். இது திறந்த இயந்திரம். துப்பட்டா வேண்டாம், கையுறை வேண்டாம், கழுத்துச் சங்கிலியும் மோதிரமும் கழற்றி வைத்துவிட்டு, கூந்தலை இறுக்கி முடிந்து தொப்பிக்குள் வைத்துக்கொள். சக் சாவியை விட்டுக் கை எடுக்கும் முன் அது சக்கிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். கடையும்போது வரும் இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதே, கொக்கி வைத்து இழு. இந்த ஒன்றில் மட்டும் அப்பா திரும்பத் திரும்பச் சொல்வேன், நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் டயல் கேஜையும் காந்த அடியையும் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து நாளை கூரியரில் ஓசூருக்கு அனுப்புகிறேன். கோயம்புத்தூருக்குப் போகும் நாளை இரண்டு நாள் முன்னதாகச் சொல். முடிந்தால் நானும் பேருந்தில் அங்கே வந்துவிடுகிறேன். வர முடியாவிட்டால், கடைந்த தண்டின் மூன்று இடத்து அளவுகளையும் எனக்குப் போனில் சொன்னபின் முன்பணம் கொடு. மேடைக்குத் தோண்டும் வேலையை ஆவணிக்குள் முடிக்கக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். மழை முடிந்து தை பிறந்ததும் லெவலை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு நீ வரும்போது அதைச் சேர்ந்தே பார்த்துவிடலாம். மற்றவை நேரில்.

அன்புடன்,
அப்பா