மகனுக்கு அப்பாவின் மரபணுதான் அதிகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேள்வி-பதில் பகுதியில் 'ஆண் குழந்தைக்கு அப்பாவின் மரபணு அதிகம், பெண் குழந்தைக்கு அம்மாவினுடையது அதிகம்' என்று ஒரு பதில் வந்திருந்தது. இது தவறு. பலர் நம்புகிற தவறு என்பதால்தான் எழுதுகிறேன்.

நம் செல்லில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது, மகனோ மகளோ யாராக இருந்தாலும் இதேதான். 22 ஜோடிகளில் ஆண், பெண் என்ற பேதமே கிடையாது. கடைசி ஜோடியில் மட்டும் அம்மாவிடமிருந்து எப்போதும் எக்ஸ் குரோமோசோம் வரும், அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்தால் மகள், ஒய் வந்தால் மகன். அந்த ஒய் மிகச் சிறியது, எக்ஸில் இருக்கும் மரபணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அதில் இருப்பது ஒரு சிறு பங்குதான். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏவும் அம்மா வழியாகவே வருகிறது. ஆக, கணக்குப் பார்த்தால் மகனுக்கு அம்மாவின் பங்குதான் கொஞ்சம் கூடுதல்!

சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறிய முடியாத நிறக்குருட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான மரபணு எக்ஸில் இருக்கிறது, மகனுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் அம்மா கொடுத்தது, அதனால் அப்பாவின் நிறக்குருடு அவரிடமிருந்து மகனுக்குப் போகவே போகாது. மகளுக்குப் போகும். அவளுடைய இன்னொரு எக்ஸ் சரியாக இருந்தால் அவளுக்குப் பார்வையில் குறை தெரியாது, ஆனால் அவள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. தாத்தாவின் குறை பேரனுக்கு வருவது இப்படித்தான். மகனுக்கு வந்ததும் அப்பா வழியில் யாருக்கு இருந்தது என்று தேடுவதில் அர்த்தமில்லை.

அப்புறம், நாலு தாத்தா பாட்டியிடமிருந்தும் சரியாகக் கால் பங்கு வரும் என்று அதே பதிலில் இருந்தது. சராசரிக்கு அது சரி. ஆனால் கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, அதற்குப் பிறகு ஜோடியில் எது போகும் என்பதும் தற்செயல். மாற்றிக்கொள்வதை விட்டுவிட்டுப் பார்த்தாலே ஒருவரிடமிருந்து சுமார் 84 லட்சம் விதமான சேர்க்கைகள் வரலாம். அதனால் ஒரு பாட்டியின் பங்கு கூடவும் இன்னொருவருடையது குறையவும் செய்யும், கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே அது வேறுபடும்.

மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று முப்பது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1956-ல் டிஜியோ, லெவான் என்ற இரு விஞ்ஞானிகள் 46 என்று காட்டியபின்தான் அது மாறியது. உங்கள் திருத்தத்துக்கு அவ்வளவு காலம் வேண்டாம். அதே பகுதியிலேயே போடுங்கள், கூடவே நிறக்குருடு மூன்று தலைமுறையில் எப்படி இறங்குகிறது என்று ஒரு படமும் போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்