கேள்விக்குறி போட்ட செய்தி

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். மாப்பிள்ளை உனக்கு அனுப்பியதாகத்தான் இருக்கும், பரவாயில்லை. "தடுப்பூசி போட்ட மறுநாள் குழந்தை பலி?" என்று தலைப்பு. என்ன ஊசி, குழந்தைக்கு முன்பே காய்ச்சல் இருந்ததா, டாக்டர் என்ன சொன்னார், எதுவும் உள்ளே இல்லை. கடைசியில் ஒரு கேள்விக்குறி. எழுதியவருக்கே தெரியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் பெற்றவள் கண்ணுக்கு 'பலி' மட்டும்தானே தெரியும்?

2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா? தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம். ஒன்பது மாதக் குழந்தையிலிருந்து பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை போட வேண்டும். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு டியூட்டி. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிய ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். "நர்ஸம்மா, போன்ல போட்டிருக்கு, பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். மருந்தைக் கரைத்த குப்பியை நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் மிச்சத்தை அப்படியே கழித்தேன். வயிறு எரிந்தது. அந்த முகாமை மார்ச் வரை நீட்டித்தார்கள்.

அப்புறம் 2021 ஏப்ரல். நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, 17ஆம் தேதி போய்விட்டார். அன்று என் போன் ஓயவே இல்லை, எல்லோரும் அதே செய்தியைத்தான் அனுப்பினார்கள். ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது அக்டோபரில். அதை எனக்கு ஒருவர்கூட அனுப்பவில்லை.

சாவை மறைக்கச் சொல்லவில்லை, கண்ணு. எழுதட்டும். காரணம் தெரிந்த அன்றைக்கும் அதே பெரிய எழுத்தில் எழுதட்டும்.

நம் குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம், வெறிநாய்க்கடி வைத்தியத்துக்கென்று தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907லிருந்து இருக்கிறது. உன் தாத்தாவைச் சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்களாம். அழுதுகொண்டே தினமும் போவாராம். வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. வெறிநாய் கடித்துச் செத்தவரை அவர்கள் பார்த்திருந்தார்கள். நீ தட்டம்மையைப் பார்த்ததில்லை. அது நெஞ்சில் இறங்கி நிமோனியாவான குழந்தை மூச்சுக்குத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்து நாளாகிறது. இந்த வாரமே தட்டம்மை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போ. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திரு. ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலோ தடிப்போ வரலாம், பயப்படாதே. சந்தேகம் என்றால் நடுராத்திரியானாலும் எனக்குப் போன் போடு. இங்கே மூன்று நாளாக மூடுபனி. பாப்பாவின் ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் பின்னி முடித்திருக்கிறேன்.

அம்மா