முரளிக்கு அப்பா எழுதுவது

மாதுங்கா, மும்பை

அன்புள்ள முரளி,

இங்கு அனைவரும் நலம். அக்கா மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிறன்று போனில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டு முறை இருமியதே காதில் நிற்கிறது. கேட்டால் ‘டெல்லிக் காத்துப்பா’ என்கிறாய். நவம்பர் மாதத்து டெல்லிக் காற்றை நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதே காற்றைத்தான் சுதாவும் குழந்தையும் சுவாசிக்கிறார்கள். அவர்கள் இப்படி இருமவில்லை.

உன் வீட்டில் தங்கியிருந்தபோது, விடியற்காலையில் குளியலறைக் குழாயை முழுவதும் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நீ இருமிக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டாய். நாற்பதை நெருங்கும் மகனிடம், மருமகள் அடுக்களையில் நிற்கும்போது, எந்தத் தகப்பனால் வாய்விட்டுக் கேட்க முடியும்? அதனால் எழுதுகிறேன்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உள்ளன. தூசியையும் சளியையும் இடைவிடாமல் மேலே தள்ளிவிடுவதே அவற்றின் வேலை. சிகரெட் புகை அவற்றை மரத்துப்போகச் செய்கிறது. இரவில் நீ தூங்கும் சில மணி நேரத்தில் அவை சற்றே தெளிந்து, தேங்கியதை வெளியேற்றப் பார்க்கின்றன. அதுதான் உன் விடியற்கால இருமல். எழுந்ததும் முதல் சிகரெட்டைப் பற்றவைத்து அவற்றை மறுபடியும் முடக்கிவிடுகிறாய். தூசியைத் தடுக்கும் காவலே இப்படிச் செயலிழந்து கிடக்கும்போது, டெல்லிக் காற்று மற்றவர்களைவிட உனக்குத்தான் அதிகக் கெடுதல் செய்யும்.

பான் கடையில் ஒவ்வொன்றாக வாங்குகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பெட்டியாக வாங்காததால் சட்டைப்பையில் எதுவும் இருக்காது, சுதா கண்ணிலும் படாது. ஆனால் பெட்டியின் 85 விழுக்காட்டை மூடியிருக்கும் எச்சரிக்கைப் படத்தை நீயும் பார்ப்பதில்லை; ஒரு நாளைக்கு எத்தனை என்ற கணக்கும் உனக்கே தெரிவதில்லை.

அக்கா கல்யாணக் கடனைத் தோளில் வாங்கிக்கொண்டு, ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்தவன் நீ. இந்தக் கட்டடத்தில் யாரிடம் பேசினாலும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறேன். அவ்வளவு உறுதி உள்ளவனுக்கு இதை விட முடியவில்லையா என்று முதலில் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் உன் மன உறுதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. புகையை இழுத்த சில நொடிகளிலேயே நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. அதற்குப் பழகிப்போன மூளை, அது கிடைக்காதபோது எரிச்சலையும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் உண்டாக்குகிறது. முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். சில வாரங்களில் தணிந்துவிடும். பெரியப்பா ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள்தான் மறுபடி தொடங்கினார். கடைசியில், சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிடுவார். புகையால் சிதைந்த நுரையீரல் காற்றுப்பைகள் திரும்ப வளர்வதில்லை, முரளி.

உனக்கு இன்னும் காலம் இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகளை ரிச்சர்ட் டால் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். விடாமல் புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள். 40 வயதில் நிறுத்துகிறவர்களுக்கு அதில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் திரும்பக் கிடைக்கின்றன. 60 வயதில் நிறுத்தினால் 3 ஆண்டுகள்தான். வரும் சித்திரையில் உனக்கு நாற்பது.

தனியாக விட முயலாதே. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில்தான், புகையிலையை விட விரும்புவோருக்கான தேசிய உதவி எண் 2016இல் தொடங்கப்பட்டது. எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. நிகோடின் சூயிங்கம்மும் மாத்திரைகளும் இருக்கின்றன. எது உனக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். நிறுத்திய முதல் வாரங்களில் இருமல் கூடலாம். அந்த மயிரிழைகள் வேலைக்குத் திரும்புவதால் வருவது அது. பயந்துபோய் மறுபடி பற்றவைத்துவிடாதே. ஆனால் சளியில் இரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை இந்த மாதமே செய்துகொள். அந்த எண்ணுக்கும் பேசு. என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் சுதாவிடம் சொல். அவளுக்குத் தெரியாது என்று நீ நினைப்பது சரியில்லை. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் பேசவில்லை. மறுபடியும் சொல்கிறேன், அந்த எண்ணுக்குப் பேசு. பொங்கலுக்கு வரும்போது சோதனை அறிக்கையை எடுத்து வா, இங்கே நம் டாக்டரிடமும் ஒரு முறை காட்டிவிடலாம்.

அன்புடன்,
அப்பா